கடலுக்குப் போன ரிஜெக்ட் ஜோடி

பிப்ரவரி 8, ஞாயிறு. ஐந்து பத்துக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன். ஏழு மணி ஆராதனைக்குப் போய் வந்தேன். ஒன்பதேகாலுக்கு இட்லி. டைரியில் அதோடு முடிந்திருக்க வேண்டிய நாள். கல்லூரிக்கு வாங்கிய புது ஷூ கடித்துவிட்டது என்று மகள் குதிகாலைக் காட்டினாள். ஷூவுக்குள் கையை விட்டு, பின்பக்க லைனிங்கைத் தடவினேன். "இன்னாம்மா, டாக்டர் மாதிரி பாக்குற?" என்று சிரித்தாள். புதுத் தோலும் பசையும் கலந்த வாசனை ஏறியதும் நான் வீட்டில் இல்லை. ஷமீமோடு மெரினாவுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்று. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிள். கையில் எப்போதும் ஸ்கேல். (மகளின் வகிட்டைக்கூட அளப்பேன் என்று வீட்டில் கேலி உண்டு.) எதிர் வரிசையில் லைனிங் தைத்தவள் ஷமீம். பத்து நாளில் கல்யாணமாகிப் பேரணாம்பட்டுக்குப் போகவிருந்தாள். கடலைப் பார்த்ததில்லை.

"அங்க போய்ட்டா என்னை யாருடீ கூட்டிப் போவாங்க? ஒரே ஒரு தடவ பாத்துடணும்."

அவள் அம்மா ஒரு ஞாயிறைத் தந்தார். சாயங்கால வண்டியில் திரும்பிவிட வேண்டும்.

கம்பெனி கழித்த ஜோடிகள் எங்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும். ஷூவின் நாக்குத் தோலில் நிறம் ஒரு சாயல் கம்மி என்று நானே கழித்த ஜோடியை அன்றுதான் முதன்முதலாகப் போட்டேன். பட்டணத்துக்கு ரப்பர் செருப்பிலா போவது?

சென்ட்ரலை விட்டு வெளியே வந்து மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தோம். ஆம்பூர் ஜனம் மொத்தமும் ஒரே சிக்னலில் நிற்பதுபோல் இருந்தது. பஸ்ஸில் போனால் பாதி ஊர் தப்பிவிடும், நடப்போம் என்றாள் ஷமீம். தீவுத்திடல் ஓரம் உயரமான குதிரைச் சிலை. எல்லோரும் ஏறியிருப்பவரைப் பார்க்க, நாங்கள் குதிரையின் முதுகைப் பார்த்தோம்.

"சேணமே இல்லடீ! நம்ம ஊர்ல சொல்லியிருந்தா நல்ல தோல்ல தச்சுக் குடுத்திருப்போம்" என்றாள் ஷமீம்.

நேப்பியர் பாலம் வந்தபோது என்னால் நிற்கவும் முடியவில்லை. ஷூவைக் கழற்றினால் குதிகாலில் ரத்தம். ஷமீம் உள்ளே விரலை விட்டாள். முகம் மாறியது.

"இது என் கைடீ. மடிப்பத் தட்டி அமுக்காம அப்டியே தச்சிருக்கேன்."

அதே லாட்டின் மீதி ஜோடிகள் பெட்டிக்குப் போகத் தயாராக என் டேபிளில் இருந்தன. வெளியே நிறம் பார்த்த நான் ஒன்றுக்குள்ளும் கை விட்டதில்லை.

"திரும்பிடலாம், ஷமீம்."

"பேஜார் பண்ணாத." தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டாள். "நான் தச்சது, நான் நடக்கிறேன்." உச்சி வெயில் தாரில், ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, குதித்துக் குதித்துப் போனாள்.

மணல் முடிந்த இடத்தில் நின்றோம். ஷமீம் மெதுவாக, "இதுக்கு ஓரமே இல்லியா?" என்றாள். அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாத முதல் பொருள் அது. இருவர் கையும் கோத்திருந்ததை அலை காலை இழுத்தபோதுதான் கவனித்தேன்.

சாயங்கால வண்டியைப் பிடித்துவிட்டோம்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஷமீமிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு முகவரி மாறிவிட்டது. மகள் மெட்ரோவில் என்னை அழைத்துப் போனபோது, அன்று சென்ட்ரலில் இறங்கிய இரண்டு பெண்கள் பாலம்வரை நடந்த சாலை எங்கோ தலைக்கு மேலே இருந்தது.

கடலைப் பார்த்து வந்த மறுநாள் திங்கள், கம்பெனியில் எட்டு மணி சங்கு ஊதியதும் ஸ்கேலை எடுக்கவில்லை. முதல் ஷூவுக்குள் கையை விட்டேன். மூன்றாவதில் விரல் தட்டியது. எதிர் வரிசையில் ஷமீம் மெஷினை நிறுத்தி, கொப்புளக் காலோடு எழுந்து கையை நீட்டினாள்.

"குடு. பிரிச்சுத் தைக்கிறேன்."