ரங்கீனாவுக்கு என் தம்பி போட்ட புகை

என் தம்பி ஃபர்ராஜுக்கு அடங்காத மிருகமே கிடையாது என்று எங்கள் ஊரான ஜஹ்ராவில் ஒரே ஒருவன் நம்புகிறான். அவன் ஃபர்ராஜ்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவன் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவன் "ஐயா, ஐயா" என்று கெஞ்சுவான். இந்தப் பக்கம் இவன் தேநீர் குடித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கெஞ்ச ஆளில்லை. நானும் கெஞ்சுகிற ரகமில்லை. அவன் மனைவி இறந்தபின், விதவையான நான் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவள்; அவன் மூக்கைத் துடைத்துவிட்ட அக்காவிடம் அதிகாரம் செல்லுமா? ஆகவே மிருகங்களிடம் போனான்.

முதலில் ஒரு ராஜாளி வாங்கினான். "என் கை தெரிஞ்ச பறவை, அக்கா" என்று பாலைவனத்தில் அதன் கண்ணை மூடியிருந்த தோல் முகமூடியைக் கழற்றிவிட்டான். அது வடக்கே பார்த்துப் பறந்தது, இன்றுவரை பறந்துகொண்டிருக்கிறது. பிறகு ஒரு ஒட்டகம். அது அவன் தோளைக் கடித்தது. பிறகு ஒரு கிளி. பேச்சு சொல்லிக் கொடுக்கிறேன் என்று தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தான். அது இவனுடைய இருமலை மட்டும் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு முறையும் குறை மிருகத்தின்மேல்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சாயங்காலத் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆண்கள் கூடுவார்கள். அந்தத் திவானியாவில் அவனை "அபு முத்லக்" என்றுதான் கூப்பிடுவார்கள். முத்லக்கின் தகப்பன் என்று அர்த்தம். முத்லக் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. பிறந்தது மகள் லுல்வா மட்டும்தான்.

லுல்வா கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து விவாகரத்தாகித் திரும்பி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் வேலை. வந்ததிலிருந்து அவள் பேச்சு "சரி", "வேண்டாம்" என்ற இரண்டு சொற்களுக்குள் சுருங்கிவிட்டது. ஒருநாள் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தாள். உள்ளே ஒரு மலைப்பாம்புக் குட்டி. ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற விஷமில்லாத இனம். வறுத்த மாவில் பேரீச்சம்பழத்தைப் புரட்டிச் செய்யும் பண்டத்தின் நிறத்தில் இருந்ததால், அந்தப் பண்டத்தின் பெயரையே வைத்தாள்: ரங்கீனா. நான் அன்று போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. ஆனால் அன்றைக்கே அவள் சாப்பாட்டில் உட்கார்ந்து, அது எப்படி இரை விழுங்குகிறது என்று எனக்குச் சொன்னாள். கேட்கச் சகிக்கவில்லை. பேசுகிறாளே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை ஃபர்ராஜ் விட்டு வைப்பானா? ஒரு மாலை, அவளைக் கேட்காமல் பெட்டியைத் திறந்து, குட்டியைத் திவானியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"பாருங்கப்பா, நான் தொட்டா பந்து மாதிரி சுருண்டுக்குது. எவ்வளவு மரியாதை பாரு!"

அது பயத்தில் சுருண்டது. அந்த இனம் பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகிவிடும். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். இங்கே குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போய் வந்தது. அதிலிருந்து தினம் இதே கூத்து.

கொஞ்ச நாளில் குட்டியின் குணம் மாறியது. பெட்டியைத் திறந்தாலே கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துச் சீறும். ஒருநாள் ஃபர்ராஜின் கட்டைவிரலைக் கொத்திவிட்டது. முள் கீறிய அளவு ரத்தம். ஆட்டை அறுத்தால்கூட அது அப்படி அலறாது.

"கண்ணு பட்டுடுச்சு அக்கா! நேத்து வந்த அந்த ஜர்ராஹ், 'என்ன அழகு, என்ன அழகு'ன்னான். வாய தொறந்து ஒரு மாஷா அல்லாஹ் சொன்னானா? சொல்லல!"

ஒன்றைப் புகழும்போது இறைவன் பெயரைச் சொல்லும் அந்த வார்த்தையைச் சேர்க்காவிட்டால் கண் படும் என்பது எங்கள் நம்பிக்கை. கண்ணேறு கழிக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தூபக்காலில் கனல் போட்டு, அகில் கட்டை வைத்து, புகை காட்டுவது. விருந்தாளிகளின் தாடிக்கும் தலைத்துணிக்கும் காட்டுவதைப் பாம்புப் பெட்டிக்குள்ளும் காட்டினான். மூடியைச் சாத்திப் புகையை உள்ளே நிறுத்தினான். குட்டி கண்ணாடியில் முட்டி மோதியது.

"பாத்தியா, ஷைத்தான் வெளிய போறான்" என்றான்.

மறுநாள் இன்னும் அதிகமாகச் சீறியது. இன்னும் அதிகமாகப் புகை போட்டான். சீறச் சீறப் புகை, புகையப் புகையச் சீற்றம். கடைசியில் லுல்வா கை வைத்தாலும் சீறியது. அன்று அவள் சாப்பிட வரவில்லை; நேராகத் தகப்பனிடம் போனாள்.

"வாப்பா, அதோட உதட்டோரத்துல சூடு கண்டுபிடிக்கிற குழி இருக்கு. நீங்க கனலைக் கொண்டுபோய் மூஞ்சிக்கு நேரா நீட்டினா, ஏதோ பெரிய மிருகம் திங்க வருதுன்னு நினைக்கும். இப்ப கண்ணும் பால் பூத்திருக்கு. தோல் உரிக்கப் போவுது, பார்வை சரியா தெரியாது. கொஞ்ச நாள் யாரும் தொடாம விடுங்க, சரியாயிடும்."

"எனக்கு மிருகத்தப் பத்தி நீ சொல்றியா?"

"ஆமாடா, ராஜாளி வந்து சொல்லட்டும், காத்திரு" என்றேன் நான்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்த வீட்ல நான் சொன்னத கேக்காத ஜீவன் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழம பாலைவனத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்."

கத்திரி வெயிலைவிடக் கொடிய எங்கள் கோடையில், வளைக்குள் ஒதுங்கி வாழும் பாம்பு மத்தியானம்வரை தாங்காது. லுல்வாவின் முகம் வெளுத்தது. "சரி" என்று சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்தேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள்.

வியாழன் மாலை வழியனுப்பு விழா. மகள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனான் என் வீரத்தம்பி. பேரீச்சம்பழத் தட்டை வைக்கப் போன நான் கதவிடுக்கில் நின்றேன். குட்டியை ஜர்ராஹின் மடியில் வைத்தான். "நீ வச்ச கண்ண நீயே எடு. மாஷா அல்லாஹ் சொல்லு, நான் புகை போடுறேன்" என்று, கனல் தகதகக்கும் தூபக்காலை அதன் தலைக்கு நேரே கொண்டுபோனான்.

குட்டி பாய்ந்தது. தூபக்கால் கவிழ்ந்தது, கம்பளம் கருகியது. ஜர்ராஹ் என்ற அந்த ஆறடி மனிதர் மெத்தைமேல் ஏறி நின்று தாயைக் கூப்பிட்டார். குட்டி மெத்தைகளுக்குப் பின்னால் சுவரோரம் ஒதுங்கியது.

"செருப்ப எடு! அடி! தலையில அடி!" என்று கத்தினான் ஃபர்ராஜ். அடிக்க அவன் போகவில்லை; பக்கத்து வீட்டுக்காரரை முன்னால் தள்ளிவிட்டான்.

அப்போது லுல்வா உள்ளே வந்தாள். ஈரத்தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்நிய ஆண்கள் நிறைந்த கூடத்துக்குள் நேராக வந்தாள். எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். மண்டியிட்டு மெத்தையை நகர்த்தி, இரண்டு கைகளையும் நீட்டினாள். குட்டி அவள் மணிக்கட்டைக் கொத்தியது. மறுபடியும் கொத்தியது. அவள் கையை இழுக்கவில்லை. அடியில் கைகொடுத்து மெல்லத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். ரத்தம் சொட்டிற்று.

"உன்னயும் கடிச்சிடுச்சே! இந்தச் சனியனுக்கா இப்படி..." என்றான் ஃபர்ராஜ்.

"பயந்துபோய் கடிக்குது, வாப்பா. கண்ணு தெரியாத நேரத்துல கை மாத்திக் கை மாத்திக் குடுத்தா வேற என்ன செய்யும்?" குரல் உயரவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. "என்னயும் இதே கூடத்துல வச்சுத்தான் குடுத்தீங்க. பொண்ணு கேட்டு வந்தவர், சம்மதம் சொன்னாத்தான் குடிப்பேன்னு காபிய கீழ வச்சார். 'குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு'ன்னு சொல்லிட்டீங்க. உள்ள வந்து என்னய ஒரு வார்த்தை கேக்கல. அங்க அடி வாங்கிட்டுத் திரும்பி வந்தப்பவும் எனக்குப் புகைதான் போட்டீங்க. நான் கடிக்கல. கடிச்சிருக்கணும்."

ஜர்ராஹ் மெத்தையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிச் செருப்பைத் தேடினார். மற்றவர்களும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். லுல்வா பாம்போடு தன் அறைக்குள் போய்த் தாழிட்டாள். நான் கவிழ்ந்த தூபக்காலை எடுத்து நிமிர்த்தினேன். கல்யாணப் பேச்சு நடந்த அன்று நான் என் வீட்டில் இருந்தேன். அவளை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கே இந்த வியாழன் மாலைதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பாலைவனப் பேச்சை அவன் எடுக்கவில்லை. குட்டி தோலை உரித்துவிட்டு, சில வாரங்களில் லுல்வாவின் முழங்கையில் சுற்றிக்கொண்டு தூங்கத் தொடங்கியது. ஃபர்ராஜ் திருந்திவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியூர் நண்பர்களிடம் தன்னைக் கடித்தது நாகம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஆனால் இப்போது மகளின் அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டுகிறான். தட்டிவிட்டு, அவள் வரச் சொல்லும்வரை வெளியே நிற்கிறான். மகளுக்காகவா, பாம்புக்குப் பயந்தா என்று நான் கேட்கவில்லை. மகளுக்காக என்று சொன்னால் நான் நம்பப் போவதில்லை.