எங்கள் பாட்டுக்கே எங்களுக்குக் கையசைக்கத் தெரியவில்லை

கேமரா முன்னால் பாட்டை ஓடவிட்டு, வாசிக்கிற மாதிரி நடிப்பது சுலபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு தடவை வாசித்ததை மறுதடவை வாசிக்கத் தெரியாத எங்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது ஜொகூர் பாரு நகரத்தில், ஒரு கடைவரிசையின் மேல்மாடி ஸ்டூடியோவில்தான் புரிந்தது.

நாங்கள் நாலு பேர். கிட்டார் வாசித்துப் பாடுகிறவரை அண்ணன் என்போம். ரொட்டி சானாய் தின்னும்போதுகூடப் புரட்சி செய்கிற முகம் அவருக்கு. அவருடைய தங்கச்சி கீபோர்ட். அதில் சுரங்களைவிட அவள் பதிந்து வைத்த சத்தங்கள்தான் அதிகம்: மிக்சி, சேவல், பாசாரில் மீன் விற்பவரின் கூவல். நான் பேஸ் கிட்டார். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பேஸில் நாலு கம்பிதான் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஆள் என் கூட்டாளி. கோத்தா திங்கியில் எனக்குப் பக்கத்து வீடு, கோயில் உருமி மேளக் குழுவில் வளர்ந்தவன். ராக் பாட்டில் உருமி எதற்கு என்று யாராவது கேட்டால் அண்ணன் அரை மணி நேரம் விளக்கம் கொடுப்பார். உண்மை என்னவென்றால், எங்களுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை கூட்டாளி ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலைக்குப் போகிறான். எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. இத்தனை வருஷம் சேர்ந்து வாசித்தும் அவன் எங்களோடு இருந்தான் என்று காட்ட உருப்படியாக ஒரு வீடியோ கிடையாது. உள்ளூர்க் குழுக்களைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிற ஒரு டைரக்டர் எங்களுக்கு அந்த ஒரு நாளைக் கொடுத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு ஒரு கல்யாண ஜோடி படம் எடுக்க வந்துவிடும். அதற்குள் முடித்தால் உண்டு.

பாட்டை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார். ஒத்திகையில் பதிந்த ஒன்றை அனுப்பினோம். எங்கள் பாட்டுக்கு ஆரம்பம் மட்டும்தான் உண்டு, அதற்குப் பிறகு அவரவர் இஷ்டம். அன்று யார் என்ன வாசித்தோம் என்று நாலு பேரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

முதல் டேக்கிலேயே டைரக்டர் பாட்டை நிறுத்தினார்.

"பாஸ், இந்த எடத்துல கிட்டார் நின்னு போச்சு. நீங்க இன்னும் அடிச்சிக்கிட்டு இருக்கீங்க."

"அது நிக்கலீங்க," என்றார் அண்ணன். "அது மௌனம்."

"அண்ணே, அன்னிக்குக் கம்பி அறுந்துச்சுலா," என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு கம்பி அறுந்திருக்கும். அடுத்த டேக்கில் அவர் சரியான இடத்தில் நிறுத்தினார். தங்கச்சியின் கை சும்மா இருக்கும்போது சேவல் கூவியது. அதற்கடுத்ததில் சேவல் சரியாக வந்தது, நான் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும்போது என் பேஸ் தனியாக முழங்கியது. மதியம்வரை இப்படியே போனது. படியில் உட்கார்ந்து, கடையில் தப்பாவ் கட்டி வாங்கிவந்த நாசி லெமாக் சோற்றைத் தின்றுகொண்டே எங்கள் தப்புகளை நாங்களே மனப்பாடம் செய்தோம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டுக்குக்கூட நான் அவ்வளவு உழைத்ததில்லை.

பெரிய தலைவலி உருமிதான். கூட்டாளி நடிக்கவில்லை, நிஜமாகவே வாசித்தான். அந்த அறையில் உருமி உறுமினால் ஸ்பீக்கர் கேட்காது. ஸ்பீக்கர் கேட்காவிட்டால் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவோம். போதாக்குறைக்கு, உருமி மாட்டினால் அவன் செருப்பு போடமாட்டான். வெள்ளைத் தரையில் அவன் காலடி பதியப் பதிய டைரக்டர் மாப் எடுத்து வந்து துடைத்தார்.

"சத்தம் வேணாம் பாஸ். அடிக்கிற மாதிரி காட்டுனா போதும்," என்றார்.

"உருமிய அப்படி அடிக்க மாட்டாங்கண்ணே."

"யாரு அடிக்க மாட்டாங்க?"

"எங்க கோயில் குழுவுல யாரும். கழுத்துல மாட்டுனா அடிக்கணும். இல்லாட்டி கழட்டி வச்சிடணும். பொய்யா அடிக்கக் கூடாது."

"சாமிக்கு விசா கெடைக்காதுடா," என்றேன். "ஆஸ்திரேலியா வரைக்கும் தொரத்திக்கிட்டு வராது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் உருமியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போய்விட்டான். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். தங்கச்சி என் பக்கத்தில் வந்து, "நீ கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தா என்னா?" என்றாள். மூடிக்கொண்டேன். எனக்கு அது வயிற்றுவலி மாதிரி. வேடிக்கை பேசாமல் இருந்தால், அவன் போகப்போகிறான் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

ஐந்தரை மணிக்கு அவனே உள்ளே வந்தான். "துணி இருக்கா?" என்று டைரக்டரிடம் கேட்டான். உருமியின் இரண்டு முகத்திலும் கறுப்புத் துணியை வைத்து டேப் ஒட்டினார்கள். கேமராவில் தெரியாதாம். அவன் அதை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டில் எதையோ முணுமுணுத்தான்.

அந்த டேக் அருமையாகப் போனது. அண்ணன் நின்றார், சேவல் கூவியது, என் விரல் சரியாக விழுந்தது. டைரக்டர் கட்டை விரலைக் காட்டிக்கொண்டே கேமராவோடு நகர்ந்தார். நான் மட்டும் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் குச்சி துணியின்மேல் பொத் பொத்தென்று விழுந்தது. கோயிலில் அவன் வாசித்தால் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பிடிக்க நாலு பேர் வேண்டும். இங்கே தலையணையைத் தட்டுகிறவன் மாதிரி நின்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

என்ன நினைத்தேனோ, பேஸ் தோளில் தொங்க நடந்து போய் டேப்பைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஒரு துணி கையோடு வந்தது, இன்னொன்றையும் பிய்த்தேன். அவன் கை நிற்கவில்லை. உருமி அறையே அதிரும்படி உறுமியது. ஸ்பீக்கரில் பழைய பாட்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அண்ணன் கையை உதறிவிட்டு நின்றுவிட்டார். டைரக்டர் கேமராவை இறக்கினார்.

இன்னொரு டேக் ஆரம்பித்தோம். பாதியிலேயே கதவைத் தட்டிவிட்டார்கள். கல்யாணப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேக்கப்காரம்மாவோடு வாசலில் நின்றாள்.

"டைம் முடிஞ்சிருச்சு பாஸ்," என்றார் டைரக்டர். "பாதிப் பாட்ட வச்சிக்கிட்டு நான் ஒண்ணும் செய்ய முடியாது. சாரி."

"நல்லா போயிக்கிட்டு இருந்துச்சேடா," என்றார் அண்ணன் என்னிடம். திட்டியிருந்தால் தேவலை.

கீழே மழை கொட்டியது. நானும் கூட்டாளியும் சாமான்களைச் சுமந்துபோய் காரில் வைத்தோம். உருமியைப் பின்சீட்டில் வைத்து அவன் பெல்ட் போட்டான்.

"துணிய நானேதான வைக்கச் சொன்னேன்," என்றான். "ஒன்ன யாருடா எடுக்கச் சொன்னா?"

"ஒன் மூஞ்சியப் பாக்க முடியல."

"என் மூஞ்சிய நான் பாத்துக்குவேன். எனக்கு அந்த வீடியோ வேணும்டா. அங்க போயி பாக்கறதுக்கு."

பையில் இருந்த போனை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். "இப்ப அடி. நான் எடுக்கறேன். இங்கயே அடி."

"மழையிலயா? தோலு போயிரும்."

"காருக்குள்ளயே ஒக்காந்து அடிடா. ஒரு தடவ."

நான் வீடியோவை அமுக்கினேன். அவன் உள்ளே ஏறாமல், வெளியே நின்றபடியே கார்க் கதவைச் சாத்தினான். எங்களோடு அவன் இருந்ததற்கு அந்த ஒரு வீடியோதான் இருக்கிறது. படம் முழுக்க மழையும் ஈரமான கண்ணாடியும். கதவு சாத்துகிற சத்தம், பிறகு அவன் குரல்: "போன வைடா. நனையுது."