எழுதியது யார் என்று கேட்ட ஜுபைல் அண்ணனுக்கு

செங்கமலம்மா போய்விட்டார். இன்று காலை, ஷார்ஜா ரோலாவில், மகள் வீட்டில்... தூக்கத்திலேயே.

மகள்தான் மெசேஜ் போட்டார். "அம்மா போயிட்டாங்க ஜமால் தம்பி. ரேடியோ ஆளுங்க யாருக்காச்சும் சொல்லணும்னா சொல்லிடுங்க."

சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

ஒரு மணி நேரத்துக்குள் இங்கே நம் தமிழ்ச் சங்கத்துப் புண்ணியவான்கள் போஸ்டர் அடித்து எல்லா குரூப்பிலும் தள்ளிவிட்டார்கள். 'பழம்பெரும் நடிகை வி. செங்கமலம் மறைவு.' கீழே தலைவர், செயலாளர், பொருளாளர், துணைப் பொருளாளர் எல்லோரும் கோட் சூட்டில். மேலே, பெரிதாக, அவர் நடித்த படத்தின் கதாநாயகி.

ஆமாம், கதாநாயகி. வேறு ஒரு அம்மா!

கூகுளில் முதலில் வந்த முகத்தை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அந்த முகத்துக்குப் பக்கத்தில், தோளின் மேல், வளையல் போட்ட ஒரு கை தெரிகிறது பாருங்கள்... அதுதான் செங்கமலம்மா. மிச்சத்தை க்ராப் செய்தாயிற்று.

அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. "என்ன ஒரு நடிப்பு!" என்று ஒருவர் உருகியிருக்கிறார். எதைப் பார்த்தாய் ராசா நீ?

கறுப்பு வெள்ளைக் காலத்தில், பதினைந்து வயதில் நடிக்க வந்தவர். மூன்றே படம். மூன்றிலும் கதாநாயகிக்குத் தோழி.

"மூணுலயும் சேத்து பதினோரு வரி பேசினேன்ப்பா. அதுல நாலு வெறும் அய்யோ" என்பார். சிரிக்க மாட்டார். "டைட்டில்ல என் பேரு என்ன தெரியுமா? மற்றும் பலர்."

சினிமாவை உதறிவிட்டு மெட்ராஸில் ரேடியோவுக்கு நாடகம் எழுதினார். மகளுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் கூடவே வந்தார்.

அப்போது நான் இங்கே ஒரு தமிழ் ரேடியோவில் வெள்ளிக்கிழமை அறிவிப்பாளன். குரல் மட்டும்தான், சரக்கு கிடையாது. நாடகம் எழுத ஆள் வேண்டும் என்றபோது இவர்தான் வந்தார்.

வந்த முதல் நாளே என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "வாயில பேரீச்சம்பழத்த வெச்சுக்கிட்டுப் படிக்காத. துப்பிட்டுப் படி." என் வாயில் ஒன்றுமே இல்லை.

இங்கே லேபர் கேம்பில் இருக்கிற புருஷனுக்கு ஊரிலிருந்து போன் செய்யும் சரசு... அந்த நாடகம் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒவ்வொரு வாரமும் கையால் எழுதி அனுப்புவார். கடைசி வரி, குண்டு எழுத்தில்: 'எழுதியது: வி. செங்கமலம்.'

எங்கள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், மகா மேதை, ஒவ்வொரு வாரமும் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடிப்பார். நகைக்கடை விளம்பரம் வர வேண்டுமாம். "யாருய்யா அந்தம்மா பேரக் கேட்டா? டைம் மாஃபி, நேரமே இல்ல, விடு."

ஒரு பேரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விநாடி.

நிகழ்ச்சி முடிந்ததும் போன் வரும். "இன்னிக்காவது என் பேரச் சொல்லுவியான்னு பாத்தேனேப்பா..." அடுத்த வாரம்மா என்பேன். எல்லா வாரமும் அடுத்த வாரம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சவுதியில் ஜுபைலிலிருந்து ஒரு அண்ணன் நேரலையில் கூப்பிட்டார். பிளான்ட்டில் வேலை, எங்கள் ரேடியோவை மொபைல் ஆப்பில் கேட்கிறவர்.

"சார், அந்த சரசு பேசுறது அப்படியே எங்க வீட்டுல பேசுற மாதிரியே இருக்கு சார். ரூம்ல ஆறு பேரும் அழுதுட்டோம். இத எழுதுனது யாரு சார்?"

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேதை வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான்... "எங்க டீம்தாண்ணே" என்றேன்.

டீமாம் டீம்! நானும் சமோசா வாங்கி வருகிறவரும்தான் டீம்.

அன்று செங்கமலம்மாவிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த வாரம் ஸ்கிரிப்ட் மட்டும் சரியாக வந்தது. கடைசி வரி, அதே குண்டு எழுத்தில்: 'எழுதியது: மற்றும் பலர்.'

மேதை அதை அடிக்கவில்லை. அவருக்குப் புரியவே இல்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டு நகைக்கடை விளம்பரத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் எழுதினார். பேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேதை இன்று பதிவு போட்டிருக்கிறார்: 'என் தாயைப் போன்றவர்.' தூ... தாயின் பேரையும் இப்படித்தான் சிவப்புப் பேனாவால் அடிப்பாரோ?

போஸ்டர் அடித்தவனைத் திட்ட எனக்கு மட்டும் என்ன யோக்கியதை இருக்கிறது? சொல்லுங்கள். மைக் என் கையில்தான் இருந்தது.

போய் வாருங்கள் அம்மா. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, கேட்டால் "துப்பிட்டுப் பேசு" என்பீர்கள்.

ஜுபைல் அண்ணே, உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. யாராவது இதை உங்கள் ரூம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தால் நல்லது. அன்றைக்கு நான் சொன்னது பொய். டீம் எல்லாம் கிடையாது.

சரசுவை எழுதியது வி. செங்கமலம்.