பந்தலுக்குப் போனதால் வந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை என் பெண் நந்தினி மேடையில் தமிழில் பேசினாள். தமிழ்ப் பெண் தமிழில் பேசுவதில் என்ன செய்தி என்கிறீர்களா?

அவள் கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவள். வங்காளத்தில் சண்டை போடுவாள், இங்கிலீஷில் வேலை பார்ப்பாள். தமிழ், வீட்டில் இன்னொரு தோசை கேட்பதற்கு. 'அதாவது' அவள் வாயில் வராது. 'மானே' என்றுதான் வரும் — வங்காளிகளின் 'அதாவது'.

நந்தினி இங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் புற்றுநோய்ச் செல்களை ஆராய்கிறாள். லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் கூடும் ஒரு ஹாலில் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் எழுதுகிறவன் அல்லவா? பேச்சைத் தயாரித்துத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம்ப்பா. நீங்க எழுதினா அழகா இருக்கும். யாராவது கேள்வி கேட்டா நான் முழிப்பேன்" என்றாள்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவள் பையிலிருந்து கலர் கலராக ஷூ லேஸ்களையும், ஒரு கைப்பிடி ரப்பர் பேண்டையும் எடுத்தாள். முன்வரிசை மாமிகள் இருவரை மேடைக்குக் கூப்பிட்டாள்.

"இந்த லேஸ்தான் க்ரோமோசோம். நம்ம டி.என்.ஏ. இதுலதான் இருக்கு. ஒரு செல் ரெண்டாகறதுக்கு முன்னாடி ஒவ்வொரு லேஸுக்கும் ஒரு காப்பி எடுத்துக்கும். அப்புறம் ஆளுக்கு ஒண்ணு."

இரண்டு மாமிகளுக்கும் எல்லாக் கலரிலும் ஒவ்வொன்று கிடைத்தது. தகராறு இல்லை.

"சில கேன்சர்ல, டி.என்.ஏ. துண்டு ஒண்ணு உடைஞ்சு தனியா வந்துடும். ரெண்டு முனையும் ஒட்டிண்டு, மானே... வளையமா ஆயிடும். செல்லை வளரு வளருன்னு விரட்டற ஜீன் அதுல இருந்தா ஆபத்து. ஒரே செல்லுல இது நிறையச் சேரும். ஆனா செல் பிரியறப்ப இதுக்கு ஒழுங்கு கிடையாது."

சொல்லிக்கொண்டே ரப்பர் பேண்டுகளைத் தூக்கிப் போட்டாள். ஒரு மாமியின் புடவைத் தலைப்பு நிறைந்துவிட்டது. இன்னொருவர் கையில் ஒன்றிரண்டுதான். ஹாலே சிரித்தது.

"அதனால ஒரே கட்டிக்குள்ள ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு மாதிரி. மருந்து கொடுத்தா நிறைய செல் சாகும். சிலது தப்பிக்கும். அதுலேர்ந்து மறுபடி கட்டி வளரும்."

சிரிப்பு நின்றது.

நடு வரிசையில் ஒருவர் எழுந்தார். ராமநாதன். சாந்த்ராகாச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். புற்றுநோயில் மனைவியை இழந்தவர். எனக்கு முகப் பழக்கம் மட்டும்.

"என் ஆத்துக்காரிக்கு முதல்ல மருந்து நன்னா கேட்டுதும்மா. கட்டி சின்னதாயிடுத்துன்னு டாக்டரே சொன்னார். அந்த வருஷம் துர்கா பூஜைப் பந்தல் பார்க்கணும்னு ஆசைப்பட்டா. காளிகாட் பக்கம் சந்து சந்தா அம்மன் பார்க்கக் கூட்டிண்டு போனேன். கூட்டம், தூசி... அப்புறம் நோய் திரும்பி வந்துடுத்து. நான் அலைய விட்டதாலதான்னு என் மச்சினி சொன்னா. இன்னிக்கும் சொல்றா."

முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அதனாலதானா?"

நான் எழுதிக் கொடுத்த பேச்சாக இருந்தால் இந்த இடத்தில் என்ன இருந்திருக்கும்? ஆறுதலாக நாலு அலங்கார வாக்கியம்.

நந்தினி மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"இல்ல மாமா. மாமியோட செல்லை நான் பார்த்ததில்ல. அதுல இந்த வளையம் இருந்துதான்னு எனக்குத் தெரியாது. ஆனா கூட்டத்துல நடந்ததால கேன்சர் திரும்பி வராது. மருந்துக்குத் தப்பிச்ச செல் உள்ளேயே இருந்திருக்கு. நீங்க மாமியை வீட்டுல பூட்டி வச்சிருந்தாலும் அது வளர்ந்திருக்கும்."

அவர் மெல்லத் தலையாட்டினார்.

"மாமி அன்னிக்கு சந்தோஷமா இருந்தாளா?" என்று கேட்டாள்.

"புச்கா கேட்டா. ரோட்டோரத்துல நின்னு அந்தப் பானி பூரியைச் சாப்பிட்டா. காரம் தாங்காம கண்ணுல ஜலம்... ஆனா சிரிச்சிண்டே இருந்தா."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், வெகுநேரம்.

இத்தனை வருஷம் எழுதுகிறேன். ஒரு மனிதரின் நெஞ்சுப் பாரத்தை இறக்கி வைத்த வாக்கியம் ஒன்றாவது எழுதியிருக்கிறேனா, தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றும், இல்லாததை இல்லை என்றும், ஒன்றோடு ஒன்று கலக்காமல் சொல்ல எத்தனை பேருக்கு வரும்? என் பெண்ணுக்கு வந்தது. பெருமையாக இருந்தது — எழுந்து நின்று "இவ என் பொண்ணு" என்று சொல்ல வேண்டும் போல. சொல்லவில்லை. ஹாலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

கூட்டம் முடிந்து காபி கொடுத்தார்கள். ராமநாதன் டம்ளரோடு என்னிடம் வந்தார்.

"அவ போனப்புறம் பூஜை நாள்ல நான் வாசலைத் தாண்டினதில்லை சார். இந்தத் தடவை பந்தல் பார்க்கப் போலாம்னு இருக்கேன். மச்சினியையும் கூட்டிண்டு."

ஆராய்ச்சியின் பலன் மனிதர்களுக்கு வந்து சேர வருஷக்கணக்கில் ஆகும் என்பார்கள். சில சமயம்... காபி ஆறுவதற்குள் வந்துவிடுகிறது.