சரிவில் ஒரு முன்னறை

ஆரோக்கியசெல்விக்கு வேண்டியதெல்லாம் ஒரு முன்னறைதான். சுனாமியில் தீவின் கடலோர வீடு போனதிலிருந்து ஷாதிபூரில் ஒற்றை அறை வாடகை. மாதா கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் அன்பியக் கூட்டம் மாதாமாதம் ஒவ்வொரு வீடாகச் செபிக்கப் போகும். இவள் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை, உட்கார இடமில்லை. இப்போதுதான் ஆண்டவர் புரோத்ராபூரில், மலைச் சரிவில் ஒரு துண்டு மனை கொடுத்திருந்தார்.

கணவர் பிரகாசம் மீன்பிடிக்கிறவர். கடற்கரை மணலில் வலையை விரித்து அளந்தே பழகிய கை. மனையிலும் டேப்பைத் தரையோடு தரையாக இழுத்து, நீளம் அறுபது அடி என்றார். மகள் சுபிதா அதையும் அகலத்தையும் வீட்டுத் திட்டம் போடும் ஓர் இணையதளத்தில் போட்டாள். அது நீளத்தை அகலத்தால் பெருக்கிச் சதுர அடி சொன்னது. அதை அடி விலையால் பெருக்கிச் செலவும் சொன்னது. வீட்டையும் வரைந்து காட்டியது. முன்னறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. செல்வி மனதுக்குள் ஆட்களை உட்கார வைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து மூவரும் மனைக்கு வந்தார்கள். சுபிதா போனில், வானத்திலிருந்து எடுத்த படத்தில் மனையின் மூலைகளைத் தொட்டுப் பார்த்தாள். ஐம்பத்தாறு என்றது. அதைத் தளத்தில் போட்டதும் முன்னறையில் நாலடி போய்விட்டது. பன்னிரண்டுக்கு எட்டு.

"நாலடிய யாரு முழுங்குனா?" என்ற பிரகாசத்தின் பார்வை கீழ்மனை வேலிமேல் போனது.

வேலிக்கு அந்தப்புறம் ஜம்புலிங்கம் நின்றிருந்தார். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர். "என்னா தம்பி, அப்புடிப் பாக்குறீங்க. நாலடிய வச்சிக்கிட்டு நான் என்னா, ஏர்போட்டா கட்டப் போறேன்?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். டேப்பின் மேல்நுனியைத் தரையில் வைக்கச் சொல்லி, கீழ்நுனியைக் கம்பில் உயர்த்தி மட்டமாகப் பிடித்தார். அப்படியே துண்டு துண்டாகப் படியிறங்குவதுபோல் அளந்தார்கள். ஐம்பத்தாறுதான் வந்தது.

"சரிவோட இழுத்தா டேப்பு கூடத்தான் காட்டும். மண்ண வெட்டி மட்டமாக்கித்தானே கட்டுவீங்க? சரிவு நீளத்த வச்சிக் கட்டுனா சாமான் எல்லாம் உருண்டு நம்ம வீட்டுக்குத்தான் வரும்."

"கடக்கரையில ஏதுண்ணே சரிவு," என்று தலையைச் சொறிந்தார் பிரகாசம். "வேலிய ஒரு மாதிரி பாத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"பாத்தா வேலி தேஞ்சா போயிரும்?"

செல்வி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டடியில் யாரை உட்கார வைப்பது, யாரை வெளியே நிறுத்துவது? மாதாவே என்று ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு கேட்டாள்: "சுபி, சரிவுலதான கொறையுது. குறுக்கால தரை மட்டமாத்தான இருக்கு?"

"ஆமாம்மா, அகலம் கொறையல."

"அப்ப அறையக் குறுக்கால இழு. அடுக்களையச் சின்னதாக்கு."

சுபிதா விரலால் சுவரைத் தள்ளினாள். நெட் வெகுநேரம் சுற்றியது. பதினெட்டுக்கு எட்டு. நூற்று நாற்பத்து நாலு சதுர அடி. முதலில் காட்டிய அதே இடம்.

"படகு மாதிரில்ல இருக்கு," என்றார் பிரகாசம்.

"படகுல ஒக்காந்து செபிச்சதே இல்லையோ நீங்க?" என்றாள் செல்வி.

"அந்தச் செலவுக் கணக்க மட்டும் நம்பாதீங்க தங்கச்சி," என்றார் ஜம்புலிங்கம். "அது மெயின்லேண்டு வெல. இங்க மணல் கப்பல்ல வாறது அதுக்கு என்னா தெரியும்? மேஸ்திரிகிட்ட கேளுங்க, பக்கா சொல்லுவாரு."

செல்வி காதில் வாங்கினாளோ என்னவோ. பிரகாசத்திடம் கயிறு வாங்கிப் பதினெட்டுக்கு எட்டாகத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போய் நின்றாள். "பொம்பளைங்க இந்த வரிசை. ஆம்பளைங்க எதிர் வரிசை."

"முருகன் கோயில் ஆளுக்கு எடம் உண்டா?" என்றார் ஜம்புலிங்கம்.

"வாசப்பக்கம் ஒக்காருங்கண்ணே. அங்கதான் காத்து வரும்," என்றாள் செல்வி.