டெஸ்டரை மூன்று முறை வைத்தவர்

2025 மார்ச் 11, செவ்வாய், காலை ஏழே கால் மணி, தூறல். பலாபத்வலயில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் ஹீட்டர் பொருத்த ஒரு வயரிங்காரர் வந்தார். ஒல்லியானவர். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். தொழிற்பயிற்சிச் சான்றிதழை நான் கேட்காமலே காட்டினார்.

குளியலறைச் சுவிட்சுகளை நான் நிறுத்திய பிறகும் ஒவ்வொரு வயரிலும் டெஸ்டரை மூன்று முறை வைத்தார். ஒன்பது வயர், இருபத்தேழு முறை. எனக்குப் பொறுக்கவில்லை.

“நான்தான் நிப்பாட்டிட்டேனே தம்பி, இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?”

“நீங்க நிப்பாட்டினதாலதாங்க ஐயா பாக்குறேன்.”

பத்தாவது வயரில் டெஸ்டரின் விளக்கு எரிந்தது. சுவிட்சைத் தவறான வயரில் கொடுத்திருப்பதால், நிறுத்தினாலும் பல்ப் மாட்டும் இடத்தில் கரண்ட் இருக்கும் என்றார்.

“யாருங்க இதச் செஞ்சது?”

படிக்காமல், பிறர் செய்வதைப் பார்த்தே வேலை பழகியவன் ஒருவன், பாதிக் கூலிக்கு. நான்தான் பிடித்துவந்தேன். நான்கு வருடமாக என் மனைவி பல்ப் மாட்டும் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைக்கிறாள்.

“அது கிடக்கட்டும், ஹீட்டர மாட்டுங்க.”

“மாட்ட மாட்டேங்க. வேணும்னா அந்த ஆளையே கூப்பிடுங்க.”

அவர் பையை மூடினார். மனைவி துணியோடு வந்து நின்றாள்.

“நீங்க உள்ள போங்க. தம்பி, வயரிங்க முழுசா மாத்துங்க.”

ஒரு வார்த்தை திட்டாமல் வேலையைத் தொடங்கினார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவர்மேல் எனக்கு ஏன் அத்தனை கோபம் என்று இன்றும் விளங்கவில்லை.

மொத்தச் செலவு எழுபத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.