மாமனார் வீட்டு யானை

நாட்டின் வரலாறு, இலக்கியம், காட்டுயிர் மூன்றையும் ஒரே விடுமுறையில் பார்த்துவிடக் கிளம்பிய அசாம் நண்பர் இன்று திருத்தணிக்கு வந்தார்.

உள்ளூர்க்காரன் நான் இருக்க, வழிகாட்டி எதற்கு? படி ஏறி முடிப்பதற்குள் சங்கப் பாட்டு முதல் பல்லவர் வரை சொல்லிவிட்டேன்.

சன்னதி எதிரே நின்று கேட்டார்: "முருகனுக்கு மயில்தானே? இங்கே யானைச் சிலை இருக்கிறது. அதுவும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு!"

"காவலுக்கு. வருகிறவர்களைப் பார்க்க வேண்டாமா?" என்றேன், கொஞ்சமும் தயங்காமல்.

கூட வந்த என் மனைவி சிரித்துவிட்டாள்.

"காவலா? தெய்வானை கல்யாணத்துக்கு இந்திரன் குடுத்த சீருங்க அது. யானை இங்க வந்ததும் அங்க செல்வமெல்லாம் கொறஞ்சிகினே போச்சாம். அதான் சாமி, மாமனார் ஊரைப் பாத்துகினு நில்லுன்னு கெழக்கால திருப்பி வெச்சிட்டாரு."

இதை நண்பருக்கு நானே இந்தியில் சொல்ல வேண்டியதாயிற்று. சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

"எங்க நைனா குடுத்த பைக்க எந்தப் பக்கம் பாத்து நிறுத்தப் போறீங்க?" என்றாள்.

இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

இப்போது எங்கள் வாசலில் பைக், அவள் பிறந்த பொதட்டூர்பேட்டையைப் பார்த்து நிற்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுச் சீர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?